பழைய கர்னலும் இருக்கட்டும்

ராத்திரி அப்டேட் கேட்டது, சரி என்று சொல்லிவிட்டுப் படுத்தாயிற்று. காலையில் மடிக்கணினியைத் திறந்தால் கறுப்புத் திரை. எழுத்தும் இல்லை, சுட்டியும் இல்லை. கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டு விட்டு மின்னுகிறது. லினக்ஸ் தெரிந்த யாருக்காவது போன் போட்டால் என்ன மாடல், எப்போது வாங்கியது என்றெல்லாம் கேட்கமாட்டார். "பழைய கர்னல்ல பூட் ஆகுதா பாருங்க" என்பதுதான் முதல் பேச்சு. எந்திரத்தை அணைத்து மறுபடி போட்டு, எஸ்கேப் விசையைத் தட்டினால் (பழைய எந்திரமானால் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தால்) ஒரு பட்டியல் வருகிறது. அதில் கூடுதல் விருப்பங்கள் என்கிற வரிக்குள் நுழைந்தால் ஒரே பெயரில் இரண்டு மூன்று வரிகள். கடைசி எண் மட்டும் வேறு. முந்தைய எண் உள்ள வரியைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் நேற்று மாலை இருந்த கணினி அப்படியே எழுந்து வந்துவிடுகிறது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஃபயர்பாக்ஸைப் புதுப்பித்தால் பழைய ஃபயர்பாக்ஸ் போய்விடுகிறது. கைப்பேசியில் வாட்ஸாப் புதிதாகும்போது பழைய வாட்ஸாப் எந்த மூலையிலும் காத்திருப்பதில்லை. கர்னலுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? நேற்றிரவு கர்னலோடு சேர்த்து இன்னும் பல மென்பொருள்களும் மாறியிருக்குமே, அவற்றோடு போன மாதத்துக் கர்னல் எப்படி ஒத்துப்போகிறது?

கர்னலைத் தமிழில் கருனி என்றும் எழுதுகிறார்கள். பேச்சில் எல்லோரும் கர்னல் என்றே சொல்வதால் இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம். நாம் பார்க்கிற, தட்டுகிற எந்த மென்பொருளுக்கும் வன்பொருளை நேரடியாகத் தொடும் உரிமை கிடையாது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் படம் ஒன்றைத் திறக்கிறீர்கள் என்றால், படம் காட்டும் மென்பொருள் 'இந்தக் கோப்பைப் படித்துக் கொடு' என்று கர்னலிடம் விண்ணப்பிக்கிறது. வட்டில் எந்த இடத்தில் அது கிடக்கிறது என்று தேடி எடுப்பதும், நினைவகத்தில் இடம் ஒதுக்குவதும், திரைக்கு அனுப்புவதும் கர்னலின் வேலை. 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒன்று செய்துகொண்டிருக்கிறேன் என்று அறிவித்தது இந்தக் கர்னலைத்தான். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குள் இருப்பதும் அதுவே. உலகின் முதல் 500 மீக்கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் லினக்ஸ் அல்லாத எந்திரம் ஒன்றுகூட இல்லை.

நம் பக்கத்துக்கும் இதில் பங்குண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. அந்த முயற்சியிலிருந்து 2007 ஜனவரியில் வெளிவந்ததுதான் பாஸ் லினக்ஸ். டெபியன் என்ற புகழ்பெற்ற லினக்ஸ் வெளியீட்டின் மேல் இந்திய மொழி வசதிகளைச் சேர்த்துக் கட்டியது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸும் அதில் இருந்தது. ஆன் செய்தவுடன் 'எது வேண்டும்?' என்று கேட்கும் பட்டியலை நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் முதன்முதலாகப் பார்த்தது அந்த எந்திரங்களில்தான். அதைத் தொல்லை என்று நினைத்து, பாஸை எடுத்துவிடச் சொல்லிக் கடைக்குக் கொண்டுபோனவர்களும் உண்டு. அந்தப் பட்டியலைக் காட்டும் சிறிய நிரலின் பெயர் க்ரப். துவக்கி என்று சொல்லலாம். விண்டோஸா லினக்ஸா என்று கேட்கிற அதே இடத்தில்தான், எந்தக் கர்னல் என்ற கேள்வியும் அடுத்த படியில் ஒளிந்திருக்கிறது.

6.8.0-45-ஜெனரிக் என்பது போன்ற பெயரைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். 6.8 என்பது டோர்வால்ட்ஸ் வெளியிட்ட மூலக் கர்னலின் எண். 45 என்பது அதை எடுத்து உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீட்டுக்காரர்கள் பழுது நீக்கிக் கட்டிய வரிசை எண். ஜெனரிக் என்றால் எல்லா எந்திரத்துக்கும் பொதுவானது. 44இலிருந்து 45க்குப் போகும்போது பெயரே மாறிவிடுவதால் நிறுவி நிரலின் கண்ணில் இது வேறொரு பொருள். ஆகவே 44ஐத் தொடாமல் 45ஐப் பக்கத்தில் வைக்கிறது. ஒவ்வொரு கர்னலும் மூன்று உருப்படிகளோடு வருகிறது. பூட் அடைவில் கர்னல் கோப்பு ஒன்று. அதே அடைவில் தொடக்கப் பொதி ஒன்று. அந்த எண்ணின் பெயரிலேயே தனி அடைவு ஒன்றில் ஆயிரக்கணக்கான மாட்யூல்கள். மாட்யூல் என்பது கர்னலோடு தேவைப்படும்போது மட்டும் சேர்ந்துகொள்ளும் துண்டு. வைஃபைக்கு ஒன்று, பென்டிரைவுக்கு ஒன்று, பிரின்டருக்கு ஒன்று என்று.

பழையதை அழிக்காமல் வைப்பதற்கான முதல் காரணம் இங்கேயே இருக்கிறது. புதுக் கர்னலை நிறுவும் நேரத்தில் பழையது ஓடிக்கொண்டிருக்கிறது. மறுதொடக்கம் செய்யும்வரை மாட்யூல் வேண்டுமானால் தன் எண் போட்ட அடைவுக்குத்தான் அது போகும். அந்த அடைவை அழித்துவிட்டால்? ஆர்ச் லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே கர்னல் பழையதன் மேலேயே எழுதப்படும். அப்டேட் முடிந்து, மறுதொடக்கம் செய்யாமல் பென்டிரைவைச் செருகினால் சில சமயம் எந்த அசைவும் இருக்காது. பென்டிரைவில் கோளாறு என்று நினைத்து வேறொன்றைத் தேடுவார்கள். ஓடுகிற கர்னலுக்கு வேண்டிய மாட்யூல் சற்றுமுன் அழிந்துபோயிருக்கும்.

புது மென்பொருள்களோடு பழைய கர்னல் ஒத்துப்போவது டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காக்கும் ஒரு விதியால். மென்பொருள்கள் கர்னலிடம் விண்ணப்பிக்கும் முறை மாறவே கூடாது என்பது அது. புதிய விண்ணப்பங்களைச் சேர்க்கலாம். பழையவற்றை உடைக்கக் கூடாது. உடைத்த பொறியாளர்களை அவர் வெளிப்படையாகவே காய்ச்சி எடுத்திருக்கிறார். இந்த உறுதிமொழி இருப்பதால்தான், மென்பொருள்கள் மிகப் புதிய விண்ணப்பங்களை நம்பியிராதவரை, கர்னலை மட்டும் கழற்றி வேறொன்றைப் போட்டாலும் மேலே இருக்கும் எதுவும் ஆடுவதில்லை. உள்பக்கம் கதை வேறு. கர்னலுக்கும் மாட்யூல்களுக்கும் இடையிலான பேச்சு எப்போது வேண்டுமானாலும் மாறலாம், அதில் உறுதிமொழி எதுவும் கிடையாது. அதனால் 44க்காகக் கட்டிய மாட்யூலை 45 ஏற்றுக்கொள்வதில்லை. கர்னலோடு சேர்ந்து வருகிற மாட்யூல்களுக்கு இது சிக்கலில்லை. என்விடியா திரை அட்டை, சில பிராட்காம் வைஃபை அட்டைகள் போல வெளியிலிருந்து வருகிறவற்றுக்கு ஒவ்வொரு கர்னலுக்கும் புதிதாகக் கட்டித் தர வேண்டும். டி.கே.எம்.எஸ். என்ற நிரல் அதைத் தானாகச் செய்கிறது. கட்டும்போது தடுக்கினாலும் அப்டேட் பல சமயம் பெரிதாகக் கூச்சல் போடாது. காலையில் வைஃபை இல்லை என்பதுதான் முதல் செய்தி.

தொடக்கப் பொதி என்று சொன்னேனே, அது எதற்கு? பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்ட வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கர்னல் எழுந்தவுடன் வட்டைப் படிக்க வேண்டும். வட்டைப் படிப்பதற்கான மாட்யூல் வட்டில் இருக்கிறது. அதை எடுக்க வட்டைப் படிக்க வேண்டும். இந்தச் சுழலை உடைக்கத்தான் தொடக்கப் பொதி. சாவிகளை மட்டும் தனியாக ஒரு சிறு மூட்டையாகக் கட்டி, கர்னலோடு சேர்த்து க்ரப்பே நினைவகத்துக்குள் தூக்கிப் போட்டுவிடுகிறது. கர்னல் மூட்டையைப் பிரிக்கிறது, வட்டு மாட்யூலை எடுத்துப் போட்டுக்கொள்கிறது, உண்மையான வட்டைத் திறக்கிறது, மூட்டையைக் கடாசிவிடுகிறது. இந்த மூட்டை உங்கள் வீட்டிலேயே, உங்கள் எந்திரத்திலேயே, அப்டேட்டின் கடைசி நிமிடங்களில் கட்டப்படுவது. கர்னல் கோப்பு எங்கோ சோதிக்கப்பட்டு வருகிறது. மூட்டையை வேறு யாரும் சோதித்ததில்லை. யு.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியில் அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போனாலோ, பூட் அடைவில் இடம் தீர்ந்துபோனாலோ மூட்டை பாதியில் நிற்கும்.

இவ்வளவு தெரிந்தால் கறுப்புத் திரை கொஞ்சம் பேச ஆரம்பிக்கும். எங்கே நின்றது என்பதே பாதி விடை. க்ரப் என்ற பெயரோடு ஒரு வரி மட்டும் வந்து காத்திருந்தால் கர்னல் இன்னும் மேடைக்கே வரவில்லை, கோளாறு துவக்கியில். 'கர்னல் பேனிக், ரூட் வட்டை மவுன்ட் செய்ய முடியவில்லை, அன்நோன் ப்ளாக் 0,0' என்று ஆங்கிலத்தில் வந்தால் கர்னல் வந்துவிட்டது, பெரும்பாலும் மூட்டை வரவில்லை. தொடக்கப் பொதியின் ஆங்கிலப் பெயரான இனிட்ராம்எஃப்எஸ் என்பதை அடைப்புக்குறிக்குள் காட்டி நம் கட்டளைக்குக் காத்திருந்தால் மூட்டை பிரிந்தது, வட்டு அகப்படவில்லை அல்லது வட்டில் பிழை. எழுத்தெல்லாம் ஓடி, படம் வரவேண்டிய இடத்தில் கறுத்தால் திரை அட்டையைச் சந்தேகிக்கலாம். கேப்ஸ் லாக் மின்னுவதும் கர்னல் தரும் செய்திதான். பேனிக் ஆன கர்னலுக்குத் திரை வசப்படாவிட்டாலும் விசைப்பலகை விளக்கை அசைக்கத் தெரியும். பல எந்திரங்களில் சாகும் தறுவாயில் அதைத்தான் செய்கிறது. 2024இல் வந்த 6.10 கர்னலிலிருந்து இதற்கென்றே ஒரு செய்தித் திரை வந்திருக்கிறது. 6.12இல் அதைக் க்யூஆர் குறியாகவும் காட்ட வழி செய்தார்கள், கைப்பேசியில் படம் பிடித்து அனுப்ப வசதியாக. அந்த விளக்கையே நம்பியிருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஆடம்பரம்தான்.

இனி 'பழைய கர்னல்ல பூட் ஆகுதா' என்ற அந்த முதல் கேள்விக்கு வருவோம். பழைய கர்னலை வெறும் மாற்று ஏற்பாடாகப் பார்ப்பவர்கள் அதன் பாதிப் பயனைத்தான் அடைகிறார்கள் என்பேன். அது கையில் கிடைத்த ஒரு பரிசோதனைச்சாலை. உயிரியலிலும் மருந்தியலிலும் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைப்பதற்கு எவ்வளவு பாடுபடுகிறார்கள்! இங்கே அது பட்டியலில் ஒரு வரி. அதே வட்டு, அதே கோப்புகள், அதே அமைப்புகள், அதே ஃபயர்பாக்ஸ். மாறுவது கர்னலும் அதன் மூட்டையும் அதன் மாட்யூல்களும் மட்டும். பழையதில் வைஃபை வருகிறது, புதியதில் வரவில்லை என்றால் குற்றவாளி இந்த மூன்றுக்குள் இருக்கிறான். இரண்டிலும் வரவில்லை என்றால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். வைஃபை அட்டைக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் கோப்புகள் அப்படிப் பொதுவானவை. எண் போட்ட அடைவில் அவை இல்லை. நேற்றிரவு அவையும் மாறியிருந்தால் கர்னலைத் திட்டிப் பயனில்லை.

ஒரே ஒரு முறை பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. சில வைஃபை அட்டைகள் கோளாறான நிலையிலேயே மாட்டிக்கொண்டு, வெறும் ரீஸ்டார்ட்டுக்கு அசையாது. முழுதாக அணைத்து மின்சாரம் வடிந்த பிறகுதான் தெளியும். புதியதில் ரீஸ்டார்ட், பழையதில் முழு அணைப்பு என்று செய்துவிட்டுப் பழையதே நல்லது என்றால் நாம் ஒப்பிட்டது கர்னலை அல்ல. பழையது, புதியது, பழையது, புதியது என்று மாறி மாறி, ஒவ்வொரு முறையும் முழுதாக அணைத்துப் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும். எப்போதாவது மட்டும் தலைகாட்டும் கோளாறுக்கு இன்னும் பொறுமை வேண்டும். பழைய கர்னலில் எழுந்துவிட்டால் போன தொடக்கத்தின் பதிவேட்டைத் திறந்து பார்க்கவும் முடியும். ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளை, இதற்கு முந்தைய தொடக்கத்தில் கர்னல் என்ன சொன்னது என்று காட்டும். வட்டைத் திறப்பதற்கு முன்பே செத்திருந்தால் எழுதி வைக்க இடம் கிடைத்திருக்காது, பதிவும் இருக்காது. பதிவு இல்லாததே, எவ்வளவு சீக்கிரம் செத்தது என்பதற்குச் சாட்சி.

குற்றம் கர்னலில்தான் என்று உறுதியானால் அடுத்து எந்த வரி என்ற கேள்வி. 6.8க்கும் 6.9க்கும் நடுவே ஒன்பது பத்து வாரம்தான். அதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் உலகெங்கிலுமிருந்து வந்து சேர்ந்திருக்கும். இத்தனையில் உங்கள் மடிக்கணினியைத் தூங்கவிடாமல் செய்த ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? படித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க ஆயுள் போதாது. படிக்கவே வேண்டாம் என்பதுதான் இதன் அழகு. திருத்தங்கள் வரிசையாக இருக்கின்றன. முதலாவது நல்லது, கடைசியானது கெட்டது என்று பழைய கர்னல் சோதனை ஏற்கெனவே சொல்லிவிட்டது. சரிபாதியில் இருக்கும் திருத்தம் வரைக்கும் எடுத்து ஒரு கர்னல் கட்டிப் போட்டுப் பாருங்கள். கோளாறு இருந்தால் குற்றவாளி முதல் பாதியில், இல்லையென்றால் மறுபாதியில். பதினாலாயிரம் திருத்தங்கள் என்றால் ஒரே சோதனையில் ஏழாயிரம் பேர் விடுதலை. மிச்சத்தை மறுபடி பாதியாக்குங்கள். பதினான்கே சோதனைகளில் ஒன்றே ஒன்று மிஞ்சும். டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட் என்ற கருவியில் இதற்கென்றே பைசெக்ட் என்று ஒரு கட்டளை உண்டு. இருகூறாக்கல் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து எதைக் கட்ட வேண்டும் என்று அதுவே சொல்லும், நாம் நல்லது கெட்டது என்று மட்டும் பதில் சொல்ல வேண்டும். சாதாரண மடிக்கணினியில் ஒவ்வொரு கர்னலையும் கட்ட ஒரு மணி நேரம் போகலாம் என்பதால் சனி ஞாயிறு வேலைதான். ஆனால் சி மொழியில் ஒரு வரி எழுதத் தெரியாத கல்லூரி மாணவி, 'இந்தத் திருத்தம்தான்' என்று அதை எழுதியவருக்கே விரல் நீட்டிச் சொல்ல முடியும். டெவலப்பர்கள் இத்தகைய கடிதங்களை மதிப்பதுபோல வேறெதையும் மதிப்பதில்லை.

பழைய கர்னல் காப்பாற்ற முடியாத இடமும் இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் சென்னையையும் செங்கல்பட்டையும் முக்கிவிட்டுப் போன தேதிகள் நமக்கு நினைவிருக்கும். தாம்பரம், முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் வடிவதற்குள், டிசம்பர் 9 சனிக்கிழமை, டெபியன் 12.3 வெளியாக வேண்டிய நாளில் அதை நிறுத்தி வைப்பதாக அறிவிப்பு வந்தது. அதிலிருந்த 6.1.64 கர்னலில், எக்ஸ்ட்4 என்ற மிகப் பரவலான கோப்பு அமைப்பில் தரவு கெட்டுப்போக வழியிருந்தது. காரணம் யோசிக்க வைப்பது. புதிய கர்னலுக்காக எழுதிய நல்ல திருத்தம் ஒன்றை, நீண்டகாலம் பராமரிக்கப்படும் 6.1 வரிசைக்கும் கொண்டுவந்தார்கள். அந்தத் திருத்தம் 6.5இல் நுழைந்த இன்னொரு மாற்றத்தை நம்பி எழுதப்பட்டது. 6.1இல் அந்தத் துணை இல்லை. தனியாக வந்ததால், கோப்பில் சில வகையில் எழுதும்போது எதுவரை எழுதியாயிற்று என்ற கணக்கு தவறியது. இரண்டு திருத்தங்களும் தனித்தனியே பிழையற்றவை. மறுநாளே 6.1.66 கர்னலோடு 12.4 வெளிவந்தது, 12.3க்கு நிறுவல் வட்டே இல்லாமல் போனது.

அந்தக் கர்னல் அழகாக பூட் ஆனது என்பதைக் கவனியுங்கள். திரை வந்தது, வைஃபை வந்தது. விளக்கு எதுவும் மின்னவில்லை. கோப்புகள் இரண்டு கர்னலுக்கும் பொது என்பதால், புதியது கெடுத்ததைப் பழையதில் நுழைந்து மீட்க முடியாது. பிரதி எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு. அப்டேட் போடாமல் 12.2இன் 6.1.55இலேயே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடலாமா? 2016 அக்டோபரில் டர்ட்டி கவ் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. சாதாரணப் பயனராக நுழைந்த ஒருவர் முழு அதிகாரத்தையும் பறிக்க வழி செய்யும் ஓட்டை. 2007இலிருந்து எல்லாக் கர்னல்களிலும் அது இருந்திருக்கிறது. சரிசெய்த கர்னல் வந்த பிறகும் பழையதிலேயே இருப்பவருக்கு, ஓட்டை எங்கே என்று ஊருக்கே தெரிந்த வீடு மட்டும் மிச்சம்.

எந்திரம் எதிரில் இருந்தால் விசையைத் தட்டிப் பட்டியலை வரவழைக்கலாம். எந்திரம் சிறுசேரி சிப்காட்டில் ஒரு தரவு மையத்தின் அடுக்கில் திரையும் விசைப்பலகையும் இல்லாமல் இருக்க, நீங்கள் மாமல்லபுரத்தில் உட்கார்ந்து அதன் கர்னலை மாற்றுகிறீர்கள் என்றால்? ரீஸ்டார்ட் கொடுத்ததும் இணைப்பு அறும். எழுந்தால் எழுந்தது. எழாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். இதற்கு ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. வழக்கமாக எழ வேண்டிய கர்னலாகப் பழையதையே க்ரப்பில் நிலைநிறுத்திவிட்டு, 'அடுத்த ஒரு முறை மட்டும் புதியதில் எழு' என்று ஒரு குறிப்பு எழுதி வைக்கலாம். க்ரப் எழும்போது அந்தக் குறிப்பைப் படித்து, படித்த கையோடு அதை அழித்துவிட்டு, அதன் பிறகுதான் புதிய கர்னலை ஓடவிடுகிறது. அழிப்பது முதலில், ஓட்டுவது அப்புறம் என்ற வரிசையில்தான் சூட்சுமம். புதியது செத்தால் குறிப்பு ஏற்கெனவே போய்விட்டது. அடுத்த எழுச்சி தானாகவே பழையதில். கர்னல் பேனிக் ஆனால் இயல்பாக அப்படியே உறைந்து நிற்கும் என்பதால், பத்து நொடி பார்த்துவிட்டு ரீஸ்டார்ட் ஆகு என்று முன்கூட்டியே ஒரு அளபுருவும் கொடுத்து வைக்க வேண்டும். பூட் அடைவு சில வகை வட்டு அமைப்புகளில் இருந்தால் க்ரப்பால் அதில் எழுத முடியாது, குறிப்பு அழியாது, தந்திரம் கவிழ்ந்துவிடும். எதிரில் இருக்கும் எந்திரத்தில் ஒத்திகை பார்த்துவிட்டுத் தூரத்து எந்திரத்தைத் தொடுவது நல்லது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் பல கைப்பேசிகள் இதே யோசனையைக் கர்னலோடு முழு அமைப்புக்குமே பயன்படுத்துகின்றன: இரண்டு இடங்கள், ஒன்றில் ஓட்டம், மற்றதில் புதியது, சில முறை எழ முயன்று முடியாவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பல்.

இப்படித் திரும்புகிற வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு சிறிய தரவுக் கோப்பு பிழையாக வந்தது. அந்த மென்பொருள் விண்டோஸ் கர்னலுக்குள் ஓடுவது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. எழும்போதே அதே கோப்பைப் படித்து மறுபடி விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கோப்பை நீக்குவது சில நிமிட வேலைதான். ஆனால் எந்திரத்துக்கு எந்திரம் ஆள் போய் நின்று செய்ய வேண்டியிருந்தது.

லினக்ஸ்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. பூட் அடைவு நிரம்பிவிட்டது என்று விழிக்கும் கூட்டத்தில் அவர்களே அதிகம். பழைய நிறுவல்களில் அந்த அடைவுக்கு 500 எம்.பி. அளவில்தான் இடம் ஒதுக்கியிருப்பார்கள். மூட்டைகள் வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டே வருகின்றன. நான்கைந்து கர்னல் சேர்ந்தால் இடம் தீர்ந்து, அடுத்த மூட்டை பாதியில் நின்று, அதன் பிறகு எந்த மென்பொருளை நிறுவினாலும் அதே பிழை வரும். ஆத்திரத்தில் பூட் அடைவுக்குள் போய்க் கையாலேயே கோப்புகளை அழிப்பவர்கள் உண்டு. இடம் கிடைக்கும், ஆனால் நிறுவி நிரலின் ஏட்டில் அந்தக் கர்னல் இன்னும் இருக்கும், க்ரப் பட்டியலும் இல்லாத கோப்பைக் காட்டிக்கொண்டிருக்கும். யூனேம் கட்டளை கொடுத்து இப்போது ஓடுவது எந்த எண் என்று பார்த்து, அதை விட்டுவிட்டு, மற்றவற்றில் பழையதை நிறுவி நிரல் வழியாகவே நீக்குவதுதான் முறை.

உபுண்டுவும் டெபியனும் பழையவற்றைத் தாமாகவே கழிக்கின்றன: ஓடிக்கொண்டிருப்பது, மிகப் புதியது, அதற்கு முந்தையது இவற்றை விட்டுவிட்டு மற்றவை போகும். ஃபெடோரா என்ற இன்னொரு வெளியீடு வழக்கமாக மூன்றை வைத்துக்கொள்ளும். இந்தத் தானியங்கிக் கழிப்பில் ஒரு குழி இருக்கிறது. 44 நல்ல கர்னல், 45இல் உங்கள் எந்திரம் தூங்கி எழுவதில்லை என்று வையுங்கள். 44இல் நுழைந்து வேலை பார்க்கிறீர்கள். சரியாகியிருக்குமோ என்று பார்க்க, பிறகு வந்த 47இல் ஒரு நாள் எழுகிறீர்கள். அன்றே பின்னணியில் துப்புரவு நடந்தால் 47, ஓடுவதும் புதியதும் அதுவே, இருக்கும், முந்தையது என்ற தகுதியில் 45 இருக்கும், 44 கழிந்துவிடும். 47இலும் அதே கோளாறு என்று சாயங்காலம் தெரியும்போது பட்டியலில் இரண்டு வரி இருக்கும், இரண்டும் கெட்டவை. நல்லது என்று தெரிந்த கர்னலைக் கையால் நிறுவியது என்று ஏபிடி-மார்க் கட்டளை மூலம் குறித்து வைத்தால் துப்புரவு அதைத் தொடாது. 47 வந்ததும் 45ஐ நீக்கிவிடுங்கள்.